கல்வாயில் மலையின் எழுத்தாசான் சாமுவேல் பொல்லார்டு

தென்மேற்குச் சீனத்தின் மலைகளில் வாழும் மியாவ் மக்களிடையே பழங்கதை ஒன்று வழங்கி வருகிறது. முன்னொரு காலத்தில் அவர்களுக்கும் எழுத்து இருந்ததாம், ஏடுகளும் இருந்தனவாம். வலியோர் அவர்களை நிலத்தினின்று துரத்தியடித்தபோது பேராறு ஒன்று குறுக்கிட்டது. அதனைக் கடக்கையில் ஏடுகள் வெள்ளத்தோடு போயின. உயிர் பிழைத்துக் கரையேறிய பெண்கள், நினைவில் நின்ற சில குறிகளையேனும் காக்க வேண்டுமென்று தம் ஆடைகளில் பூவேலைப்பாடாக அவற்றைப் பதித்துக் கொண்டனராம். அன்றுமுதல் அம்மக்கள் தம் வரலாற்றை உடுத்தித் திரிந்தார்களேயன்றிப் படிக்க இயலவில்லை.

கதை மெய்யோ பொய்யோ, அதனை ஆராய்வது நம் நோக்கமன்று. எழுத்து தமக்கு உரியதன்று என்று பிறர் சொன்னதை நம்ப மறுத்து, எழுத்து தம்மிடமிருந்து பறிபோயிற்று என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்த ஒரு மக்களினத்தை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும். அம்மக்களுக்கு எழுத்து திரும்பக் கிடைத்த வரலாற்றோடு பிணைந்தது சாமுவேல் பொல்லார்டு என்னும் ஆங்கிலேய அருட்பணியாளரின் வாழ்க்கை. நமது கல்விக் கழகத்தில் பல சமயத்தாரும் உள்ளனர். சமயமே வேண்டாம் என்பாரும் உள்ளனர். ஆகவே பொல்லார்டு பரப்பிய சமயத்தைப் பற்றி அளவோடு கூறி, அவர் நட்ட கல்வியைப் பற்றியே மிகுதியும் இம்மலரில் எழுதுகிறோம்.

பொல்லார்டு 1864ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையாகிய கார்ன்வாலில், கேமல்போர்டு என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் பைபிள் கிறிஸ்தவர் சபை என்னும் சிறிய சபையின் போதகர். அச்சபை செல்வர்களின் சபையன்று. உழவரும் சுரங்கத் தொழிலாளரும் எளிய கைவினைஞரும் நிறைந்திருந்த சபை அது. பெண்கள் மேடையேறிப் போதிப்பதற்கு இடம் கொடுத்த சபை என்னும் சிறப்பும் அதற்கு உண்டு. பிற்காலத்தில் மலைமக்களின் பெண்குழந்தைகளைப் பையன்களோடு ஒரே பள்ளியில் அமர்த்த அவர் தயங்காததற்கு இவ்வளர்ப்பும் ஒரு காரணம் ஆகலாம்.

டெவன் மாவட்டத்து ஷெபியர் பள்ளியில் பயின்ற பின்னர், அரசுத் தேர்வில் தேறி, இலண்டனில் அஞ்சலகச் சேமிப்பு வங்கியில் எழுத்தர் ஆனார். மாதச் சம்பளம், முறையான உயர்வு, முதுமையில் ஓய்வூதியம் ஆகியவற்றையெல்லாம் எதிர்நோக்கத்தக்க பதவி. அதனை விடுத்து, பள்ளித் தோழர் பிராங்க் டைமண்டு என்பவருடன் 1887இல் சீனம் நோக்கிக் கப்பலேறினார். யாங்சி ஆற்றின் கொடிய மலையிடுக்குகளினூடே படகில் சென்று, 1888இல் யுன்னான் மாநிலத்தை அடைந்தார். பர்மாவுக்கு வடகிழக்கே, மலைகள் அடுக்கடுக்காக நிற்கும் மாநிலம் அது. அதன் வடகோடியில் உள்ள சாவோத்தோங் நகரம் அவர் பணியிடமாயிற்று. 1891இல் எம்மா ஹெயிஞ்சு என்னும் அம்மையாரை மணந்து அங்கே இல்லறம் நடத்தினார்.

அடுத்த பதினாறு ஆண்டுகளின் பயனைச் சில வரிகளில் கூறிவிடலாம். ஏனெனில் பயன் என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. தெருவில் நின்று சேகண்டியை அடித்து மக்களைக் கூட்டிப் பேசினார். அபினி விழுங்கி உயிர்விட முயன்றோரைக் காப்பாற்ற நள்ளிரவிலும் ஓடினார். பெண்களின் கால்களைக் கட்டிக் குறுக்கும் வழக்கத்தை எதிர்த்தார். சீன மொழியைச் செம்மையாகக் கற்றார். எனினும் அவர் சொல் கேட்டு வந்தோர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. கற்றறிந்த சீனர் அவரைக் காட்டுமனிதராக மதித்தனர். 1900இல் அயலாருக்கு எதிரான பாக்ஸர் கிளர்ச்சி வெடித்தபோது பணி அறவே நின்றது. அப்பதினாறு ஆண்டுகளின் முடிவில் அவருக்கு நாற்பது வயதாகியிருந்தது. அத்தகைய நிலையில் ஊர் திரும்பியிருந்தால் அவர் பெயரை இன்று எவரும் நினைவுகூரார்.

1904ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள் மியாவ் இனத்தைச் சேர்ந்த நால்வர் சாவோத்தோங் நகரில் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றனர். சணல் நூலில் நெய்த ஆடை. தோளில் ஓட்ஸ் மாவு நிறைந்த பை. கால்களில் நெடுவழி நடந்த புழுதி. அவர்கள் வேண்டியது ஒன்றே. தமக்குப் படிப்புச் சொல்லித் தர வேண்டும் என்றனர்.

இவர்கள் யார்? குய்சோ மாநிலத்தின் வெய்னிங் பகுதியிலும் அதனை ஒட்டிய யுன்னான் எல்லையிலும் மலைச்சரிவுகளில் வாழ்ந்த பெரும்பூ மியாவ் என்போர். பெண்களின் ஆடையிலுள்ள பெரிய பூவேலையால் இப்பெயர் வந்தது. அவர்கள் தம்மை ஆமாவ் என்று அழைத்துக்கொள்வர். மக்காச்சோளமும் ஓட்ஸும் உருளைக்கிழங்கும் விளைத்து உண்டனர். ஆயினும் அவர்கள் உழுத நிலத்தில் ஒரு முழமும் அவர்களுக்குச் சொந்தமில்லை. நிலம் யாவும் நோசு இனத்துப் பண்ணையார்களுடையது. குத்தகை கொடுத்தல் வேண்டும். அதற்கு மேலும் வெட்டி வேலை செய்தல் வேண்டும். பண்ணையார் வீட்டில் திருமணம் என்றாலும் இறப்பு என்றாலும் காணிக்கை செலுத்துதல் வேண்டும். மறுத்தவர் தம் குடிசையையும் இழப்பர். சந்தைக்குச் சென்றால் சீன வணிகரின் ஏளனம். எழுத்தறிவு இல்லாமையால் கணக்கும் கடன்பத்திரமும் பிறர் சொன்னதே சட்டம். இவ்வாழ்க்கையை நம் மக்களுக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இந்நால்வர்க்கும் பொல்லார்டைப் பற்றி எவ்வாறு தெரிந்தது என்பதும் அறியத்தக்கது. குய்சோவில் அன்ஷுன் நகரில் ஆடம் என்றோர் அருட்பணியாளர் இருந்தார். மியாவ் மக்களை அவர் மதித்துப் பேசுகிறார் என்னும் செய்தி வாய்மொழியாக மலைதோறும் பரவியது. பல நாள் நடந்து சிலர் அவரிடம் சென்றனர். அவரோ, இத்துணைத் தொலைவு வருவானேன், சாவோத்தோங் உங்களுக்கு அருகில் அன்றோ என்று எடுத்துச் சொல்லிப் பொல்லார்டிடம் அனுப்பினார். ஆகவே அருட்பணியாளர் மலைமக்களைத் தேடிச் சென்றார் என்று சொல்வதினும் மலைமக்கள் ஆசிரியரைத் தேடிக் கண்டுபிடித்தனர் என்று சொல்வதே பொருந்தும்.

நால்வருக்குப் பின் ஐவர் வந்தனர். பின்னர்ப் பதின்மர், நூற்றுவர். சில திங்களில் ஆயிரக்கணக்கில் வந்தனர். வீட்டின் அறைகளிலும் முற்றத்திலும் மாடிப்படியிலும் படுத்துறங்கினர். தாம் கொணர்ந்த மாவைத் தண்ணீரில் கரைத்து உண்டுகொண்டே படித்தனர். இரவு வெகுநேரம் வரையிலும், மீண்டும் விடியற்கு முன்னரும் புத்தகமும் கையுமாக இருந்தனர். கற்பிப்போர் களைத்தனரேயன்றிக் கற்போர் களைக்கவில்லை. பாட்டன், மகன், பேரன் ஆகிய மூவரும் ஒரே பாடத்தைச் சேர்ந்து உரக்கப் படிக்கும் காட்சி நம் முதியோர் கல்விக்கூடங்களில் பாடம் நடத்தியோருக்குப் புதிதன்று.

அடிமைப்பட்டவன் கையில் புத்தகம் ஏறினால் ஆண்டவனுக்கு அச்சம் உண்டாதல் இயல்பு. அயலானிடமிருந்து நஞ்சு வாங்கிவந்து கிணறுகளில் கலப்பதற்கே மியாவ் மக்கள் போகிறார்கள் என்னும் வதந்தி கிளம்பிற்று. வழியில் மடக்கி அடித்தனர். மாவுப் பைகளைப் பிரித்துச் சோதித்தனர். பண்ணையார் சிலர் குடிகளைக் கட்டிவைத்து வதைத்தனர். பொல்லார்டு அதிகாரிகளிடம் சென்று முறையிட்டு, மியாவ் மக்களைத் துன்புறுத்தலாகாது என்னும் அறிக்கைகளை வெளியிடச் செய்தார். பண்ணையார்களின் கோட்டை போன்ற மாளிகைகளுக்கும் நேரே சென்று வாதாடினார்.

இங்கு ஒன்றை மறைக்காமல் கூறுதல் வேண்டும். அவர் சொல் அதிகாரிகளிடம் எடுபட்டதற்கு அவரது நல்லெண்ணம் மட்டும் காரணமன்று. ஐரோப்பிய வல்லரசுகள் சீனத்தின்மீது திணித்த உடன்படிக்கைகளும், அவற்றின் பின்னே நின்ற போர்க்கப்பல்களும் அயல்நாட்டவர் ஒவ்வொருவர்க்கும் ஒரு மறைமுக வலிமையைத் தந்திருந்தன. அவ்வலிமையை வேறு பலர் வாணிகத்திற்கும் ஆணவத்திற்கும் பயன்படுத்தினர். பொல்லார்டோ அதனைக் குத்தகைக் குடிகளின் முதுகைக் காக்கப் பயன்படுத்தினார். இவ்வேறுபாடு சிறிதன்று, ஆயினும் வலிமையின் ஊற்றுக்கண் எது என்பதை நாம் அறிந்தே படிக்க வேண்டும்.

நகரத்திற்கு மக்கள் நடந்து வருவதைவிடத் தாமே அவர்கள் மலைக்குச் செல்வது முறை என்று அவர் கருதினார். 1905இல் அதற்கு இடம் கிடைத்தது. கொடுத்தவர் அன் ரோங்சி என்னும் நோசு நிலக்கிழார். ஒடுக்கிய கூட்டத்தினுள்ளிருந்தே ஒருவர் நிலம் வழங்க முன்வந்தார் என்பது நினைவில் கொள்ளத்தக்கது. ஷிமென்கான் என்பது அவ்விடத்தின் பெயர். கல்வாயில் என்று தமிழில் கூறலாம். சாவோத்தோங் நகரிலிருந்து எல்லை கடந்து, குய்சோ மலையில் ஒருநாள் நடைவழியில் அமைந்த குளிர்மிக்க சரிவு அது. அங்கே கோவிலும் பள்ளியும் எழுந்தன. மலைமக்கள் தாமே காசு சேர்த்தனர், மரம் சுமந்தனர், சுவர் எழுப்பினர். பொல்லார்டு மியாவ் உடை உடுத்தி, அவர்தம் குடிசைகளில் படுத்து, ஓட்ஸ் மாவு உண்டு, மொழியை அவர்கள் வாயிலிருந்தே கற்றார்.

இனி எழுத்தின் செய்திக்கு வருவோம். தொடக்கத்தில் சீன எழுத்தையே கற்பித்து வந்தனர். ஆயிரக்கணக்கான குறிகளை உருவேற்றி, அதுவும் தமக்குப் புரியாத மொழியில் படிப்பதென்பது பகலெல்லாம் கொத்தும் மண்வெட்டியுமாய் உழைப்போருக்கு ஆகும் செயலா? மியாவ் மொழிக்கே எழுத்து வேண்டும் என்று பொல்லார்டு துணிந்தார். வேறொரு தடையும் இருந்தது. அம்மொழியில் ஓர் அசையை உயர்த்திச் சொன்னால் ஒரு பொருள், தாழ்த்திச் சொன்னால் வேறு பொருள். இவ்வேற்ற இறக்கத்தைக் காட்டாத எழுத்து அம்மொழிக்கு உதவாது.

வட அமெரிக்காவில் கிரீ என்னும் பழங்குடியினருக்காக ஜேம்ஸ் எவன்ஸ் என்பவர் 1840இல் எளிய குறியெழுத்து ஒன்றை ஆக்கியிருந்தார். அதன் நினைவு பொல்லார்டுக்கு வழிகாட்டிற்று. மெய்யொலிக்குப் பெரிய குறி ஒன்று. உயிரொலிக்குச் சிறிய குறி ஒன்று. அச்சிறிய குறியைப் பெரிய குறியின் மேலே வைத்தால் ஒருவகைத் தொனி. பக்கத்தில் வைத்தால் மற்றொரு தொனி. கீழே இறக்கினால் இன்னொன்று. நம் எழுத்தில் கொம்பும் காலும் மெய்யைச் சுற்றி நின்று உயிரைக் காட்டுகின்றன அல்லவா? ஏறத்தாழ அதுபோல, அங்கே குறி நிற்கும் இடமே குரலின் ஏற்ற இறக்கத்தைக் காட்டியது. கருவியோ வெறுங்குச்சியோ கொண்டு மண்ணிலும் எழுதத்தக்க நேர்கோடுகளும் வளைவுகளுமே அவ்வெழுத்தின் உறுப்புகள்.

இவ்வெழுத்தைப் பொல்லார்டு எழுத்து என்று உலகம் அழைக்கிறது. ஆயின் அவர் ஒருவரே தனியறையில் அமர்ந்து இயற்றியது அன்று அது. ஸ்டீபன் லீ என்னும் சீன ஆசிரியரும் யாங் யாகோ என்னும் மியாவ் இனத்தவரும் உடனிருந்து உழைத்தனர். ஒலியைச் சொல்லிக் காட்டியவரும், எழுதியதைப் படித்துத் திருத்தியவரும் மியாவ் மக்களே. எழுத்துகளுட் சில பெண்களின் ஆடைப் பூவேலையிலிருந்து எடுக்கப்பட்டவை என்றே அம்மக்கள் கூறுவர். ஆற்றில் போன ஏடு திரும்பி வந்தது என்று அவர்கள் மகிழ்ந்ததற்கு இதனினும் சான்று வேண்டுமோ? ஒரு தலைவரின் பெயரால் வழங்கும் பல செயல்களின் பின்னே பெயர் அறியாத பலர் கைகள் உண்டு என்பதை நமது கழகத்தின் இருபத்தைந்து ஆண்டு வரலாறும் காட்டும்.

சில வாரப் பயிற்சியில் ஓர் உழவன் தன் மொழியைப் படிக்கலானான். படித்தவன் தன் ஊர் சென்று பத்துப் பேருக்குச் சொல்லிக் கொடுத்தான். மலைமலையாக எழுத்து இவ்வாறே பரவிற்று.

மியாவ் மக்களின் திருமணத்தைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூற விரும்புகிறோம். பொல்லார்டும் அவருடைய தோழர்களும் எட்டாத மலையூர்களுக்கெல்லாம் நடந்து சென்று திருமணங்களில் கலந்துகொள்வது அவர்கள் பணியில் ஒரு பகுதியாக இருந்தது. அத்திருமணங்களில்தான் அம்மக்களின் அழகும் அவர்களின் தளையும் ஒருங்கே தெரிந்தன. பெண்ணின் ஆடை அவள் கைத்திறத்தின் சான்று. சணல் பயிரிட்டு, நார் உரித்து, நூற்று, நெய்து, சிவப்பும் கருநீலமுமாகப் பூவேலை செய்த மேலாடையும், மடிப்பு மடிப்பான பாவாடையும் அவள் தானே ஆக்கிக்கொண்டவை. மணமான பெண்கள் கூந்தலைக் கூம்பு போல உச்சியில் உயர்த்தி முடிவர். லூஷெங் என்னும் மூங்கிற்குழல் இசைக்கருவி முழங்க ஆட்டமும் பாட்டும் நடைபெறும்.

இவ்வளவும் ஒருபுறம். மறுபுறம் பார்ப்போம். பெண்வீட்டாருக்கு மாடுகளாகப் பரிசம் கொடுத்தல் வேண்டும். நிலமற்றவனுக்கு மாடு ஏது? கடனே வழி. சோளத்தைக் காய்ச்சிய மதுவை விருந்தினர்க்கு நாள்கணக்கில் வார்த்தல் வேண்டும். உணவுக்கே போதாத சோளம் குடத்திற்குப் போயிற்று. மண ஆரவாரம் ஓய்ந்தபின் எஞ்சியது கடன். இளம்பருவத்தினர் இரவில் ஒன்றுகூடும் தனிக்குடில்கள் ஊர்தோறும் இருந்தன. பால்வளர்ச்சி முற்றாத சிறுமிகள் மனைவியரும் தாயரும் ஆயினர்.

புதிய சபையில் சேர்ந்த மியாவ் மூத்தோரும் பொல்லார்டும் சேர்ந்து திருமணத்திற்குச் சில விதிகளை வகுத்தனர். ஆணுக்கு இருபது வயதும் பெண்ணுக்குப் பதினெட்டு வயதும் நிறைதல் வேண்டும். பரிசத்திற்கு வரம்பு உண்டு. மது கூடாது. ஒருவனுக்கு ஒரு மனைவியே. கடன்படாமல் மணம் முடித்த குடும்பம் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப முடிந்தது. பதினெட்டு வரை மணம் இல்லை என்றபோது பெண்குழந்தை பள்ளியில் சில ஆண்டுகள் தங்க முடிந்தது. கோவிலின் விதியாக வந்தது பள்ளியின் வளர்ச்சிக்கு உரமாயிற்று. 1978இல்தான் நம் நாட்டின் சட்டம் திருமண வயதைப் பெண்ணுக்கு 18 என்றும் ஆணுக்கு 21 என்றும் உயர்த்தியது. எழுத்தில்லாத ஒரு மலைச்சாதி எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே தன்னளவில் அதற்கு அணித்தாக வந்திருந்தது.

எனினும் இச்சீர்திருத்தத்தை நாம் முழுமனத்தோடு புகழ இயலவில்லை. மதுவோடு லூஷெங் குழலும் போயிற்று. ஆட்டமும் பழம் பாட்டுகளும் பாவம் எனப்பட்டன. மூங்கிற்குழல்களைக் கிறிஸ்தவ ஊர்கள் பல கைவிட்டன. குடியையும் கூத்தையும் வெவ்வேறாகப் பிரித்துப் பார்க்கும் பொறுமை அக்கால அருட்பணியாளர்களுக்கு இல்லை. பொல்லார்டும் இதற்கு விலக்கல்லர். பறையை விடுவதா, வைத்துக்கொள்வதா என்று நம் ஊர்களில் தந்தையும் மகனும் எதிரெதிர் நின்று வாதிட்டதை நாம் கண்டிருக்கிறோம். இழிவைத் துறக்கும் வேகத்தில் கலையையும் துறந்துவிட்டுப் பின்னர்த் தேடுவோரின் வருத்தம் நமக்குத் தெரியும். ஆயினும் இவ்விழப்பிற்கு ஒருவாறு ஈடு செய்யவும் அவர்கள் முயன்றனர். ஐந்தாம் திங்கள் ஐந்தாம் நாள் நடைபெறும் பழைய விழாக் கூட்டத்தைக் கல்வாயிலில் விளையாட்டு விழாவாக மாற்றினர். மலைச்சரிவை வெட்டிச் சமன் செய்து கால்பந்துத் திடல் அமைத்தனர். நீச்சல் குளமும் கட்டினர். நாற்றிசையிலிருந்தும் மக்கள் அவ்விழாவுக்குத் திரண்டனர்.

வளர்ச்சியைப் பொறாதவர் வாளாவிருக்கவில்லை. 1907 ஏப்ரலில், வேறொரு மலையூரில் தங்கியிருந்த பொல்லார்டை இரவில் ஒரு கும்பல் வளைத்துக்கொண்டது. பண்ணையாரின் தூண்டுதலால் வந்த கும்பல் அது. தடிகளால் அடித்துக் குற்றுயிராகப் போட்டுச் சென்றனர். நுரையீரலில் பலத்த காயம் ஏற்பட்டது. அவர் பிழைத்ததே அரிது. உடல் தேறியதும் இங்கிலாந்து சென்று ஓய்வு கொண்டார். ஆனால் அங்கே தங்கிவிடவில்லை. மீண்டும் கல்வாயிலுக்கே வந்தார். பள்ளி வளர்ந்தது. சீன மொழி, கணக்கு, உலகியல் பாடங்கள் ஆகியவற்றைக் கற்பிக்க நகரிலிருந்து சீன ஆசிரியர்கள் மலையேறி வந்தனர். மியாவ் பிள்ளைகளைத் தீண்டத்தகாதவர் போல் ஒதுக்கிய இனத்தாரிடமிருந்தே அவர்களுக்கு ஆசிரியர் கிடைத்தனர். புதிய ஏற்பாட்டை மியாவ் மொழியில் பெயர்க்கும் பணியும் அதனோடு நடந்தது.

1915ஆம் ஆண்டு பள்ளிப் பிள்ளைகளிடையே டைபாய்டு காய்ச்சல் பரவிற்று. அக்காலத்தில் அதற்குக் கைகண்ட மருந்து இல்லை. அருகிருந்து பேணுதலே மருத்துவம். பொல்லார்டு மாணவர்களின் படுக்கையருகே இருந்து பணிவிடை செய்தார். அக்காய்ச்சலே அவரையும் பற்றிற்று. செப்டம்பர் திங்களில் கல்வாயிலிலேயே உயிர் நீத்தார். வயது ஐம்பத்தொன்று. அம்மலைச் சரிவிலேயே மக்கள் அவரை அடக்கம் செய்து கல்லறை எழுப்பினர். மியாவ் மொழிப் புதிய ஏற்பாடு ஜப்பான் நாட்டு யோக்கோகாமாவில் அச்சாகி 1917இல் வெளிவந்தபோது அதனைக் காண அவர் இல்லை.

ஆசிரியர் மறைந்தபின் பள்ளி மறைந்ததா என்பதே ஒரு கல்விப் பணியின் உண்மையான தேர்வு. கல்வாயில் பள்ளி மறையவில்லை. அதன் மாணவர்கள் செங்து நகரில் இருந்த மேற்குச் சீனப் பல்கலைக்கழகம் வரை சென்றனர். வூ சிங்சுன் என்பார் 1929இல் மருத்துவப் பட்டம் பெற்று மியாவ் இனத்தின் முதல் மருத்துவரானார். சூ ஹுவான்சாங் என்பார் 1935இல் அதே பல்கலைக்கழகத்தில் கல்வித்துறைப் பட்டம் பெற்றார். நகரத்துப் பதவி எதனையும் அவர் நாடவில்லை. மலைக்கே திரும்பிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். தம் மக்கள் பகல் வேலை முடித்து இரவில் படிப்பதற்கென்று தோழர்களோடு சேர்ந்து இரவுப் பாடநூல் ஒன்றையும் தொகுத்தார். 1943இல் கல்வாயிலில் நடுநிலைப் பள்ளி தொடங்கப்படுவதற்கும் அவரே முன்னின்றார். பட்டம் பெற்றபின் ஊர்ப்பக்கம் தலைவைத்தும் படுக்காத நம் பட்டதாரிகள் சிலர் இவரைப் பற்றி மேலும் படித்தறிதல் நலம்.

பின்வந்த காலம் கடுமையானது. 1938இல் கோல்ட்ஸ்வொர்தி என்னும் அருட்பணியாளர் கொள்ளையரால் கல்வாயிலில் கொல்லப்பட்டார். 1949இல் சீனத்தில் ஆட்சி மாறிய பின்னர் அயல்நாட்டு அருட்பணியாளர்கள் வெளியேறினர். நிலச்சீர்திருத்தத்தால் பண்ணையார் முறை ஒழிந்தது. பொல்லார்டால் ஆகாத அச்செயலை அரசு செய்தது என்பதையும் நேர்மையோடு குறித்தல் வேண்டும். ஆனால் கல்வாயிலின் கற்றோர் மீது ஐயம் படர்ந்தது. அயலாரின் கையாட்கள் என்று அவர்கள் பழிக்கப்பட்டனர். சூ ஹுவான்சாங் 1955இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். பண்பாட்டுப் புரட்சியின்போது பொல்லார்டின் கல்லறையும் இடித்து நொறுக்கப்பட்டது.

மியாவ் மொழிக்கு உரோமன் எழுத்தில் அமைந்த புதிய முறை ஒன்றை அரசு 1950களில் வகுத்தது. ஆயினும் ஆமாவ் மக்கள் பழைய எழுத்தை விடவில்லை. வீடுகளிலும் வழிபாட்டிலும் அதனையே ஆண்டு வந்தனர். அண்டை மலைகளில் வாழும் வேறு சில இனத்தாரும் தம் மொழிகளுக்கேற்ப அதனைத் திருத்திக் கொண்டனர். கணினியில் உலக மொழிகளை எழுதுவதற்கான யூனிகோடு முறையில் 2012ஆம் ஆண்டு அவ்வெழுத்தும் இடம்பெற்றது. இடிக்கப்பட்ட கல்லறை 1990களில் மீண்டும் கட்டப்பட்டது. கோல்ட்ஸ்வொர்தியின் கல்லறையும் அதன் அருகிலேயே உள்ளது. மலைச்சரிவில் வெட்டிய கால்பந்துத் திடலும் அங்கே உண்டு.